அம்புக்குறி காட்டும் நிலவறைக்குள் நான் வரமாட்டேன்

மே மாதக் கடைசியில் ஒரு நாள் டீக்கடையில் எனக்கும் வாத்தியாருக்கும் சண்டை. இந்த வயதில் சண்டை போட எங்களுக்குள் என்ன இருக்கிறது, நிலமா நீச்சா? வீடியோ கேமைப் பற்றித்தான்.

“என்ன சர்வேயரே, முழங்கால் வலின்னு பூசைக்கு வந்தாக்கூட கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிறீங்க. ராத்திரியில பேரனோட சேர்ந்து கம்ப்யூட்டர் குகையில எறங்கி ஏறுறீங்களாமே?”

கேலியைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. “அதுல என்னங்க இருக்கு? உள்ள போறான், நாலு பேயை வெட்டுறான், பெட்டியைத் தொறந்து காசை எடுக்குறான், வெளிய வரான். இதெல்லாம் ஒரு பொழுதா?”

வீட்டுக்கு வந்து பேரனிடம் சொன்னேன். எனக்கு ஆதரவாக நாலு வார்த்தை பேசுவான் என்று ஆசை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கரெக்டுதானே தாத்தா, லூட் எடுக்கத்தானே உள்ள போறோம்” என்றான். ‘லூட்’ என்றால் அகப்படுகிற பொருள், கொள்ளை.

ஆக, எழுபது வயது வாத்தியாரும் ஒன்பதாம் வகுப்புப் பேரனும் ஒரே கட்சி. நான் மட்டும் தனிக்கட்சி. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ‘ஸ்கைரிம்’ என்று பெயர். அமெரிக்காவில் பெதஸ்தா என்ற நிறுவனம் 2011-ல் வெளியிட்டது. பழசுதான், ஆனால் பேரனின் பழைய லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது. இதை ‘ஓப்பன் வேர்ல்டு’ வகை என்கிறார்கள். பனிமலை, காடு, ஆறு, ஊர், சந்தை எல்லாம் உள்ள ஒரு நாட்டை நம் முன்னால் விரித்துவிடுகிறார்கள். எந்தத் திசையிலும் நடக்கலாம். நடக்கும் வழியில் குகை, பாழடைந்த கோட்டை, பழைய கல்லறை என்று நூற்றுக்கும் மேல் வாசல்கள் தென்படும். அவற்றுக்குப் பொதுவாக ‘டஞ்சன்’ என்று பெயர். நமக்குப் பழக்கமான சொல் வேண்டுமென்றால் நிலவறை. வந்தியத்தேவன் தஞ்சாவூரில் பெரிய பழுவேட்டரையரின் பொக்கிஷ நிலவறைக்குள் மாட்டிக்கொண்ட இடத்தைப் படித்துவிட்டு, விளக்கை அணைக்கப் பயந்தவர்கள் நம் தலைமுறையில் எத்தனை பேர்! அதே சமாச்சாரம்தான் இது.

பேரன் ஆடுவதை முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையின் மேல்பக்கம் திசைகாட்டி மாதிரி ஒரு பட்டை. அதில் ஓர் அம்புக்குறி. பையன் அந்த அம்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். குகைக்குள் நுழைந்தான், ஓடினான், வெட்டினான், பெட்டியைத் திறந்தான், வெளியே வந்துவிட்டான். ஆறு நிமிஷம் ஆகியிருக்கும்.

“இடது கைப் பக்கம் ஒரு வழி இறங்குச்சேடா?”

“அது எங்கயும் போகாது தாத்தா.”

“போய்ப் பாக்காம எப்படித் தெரியும்?”

“அம்பு அந்தப் பக்கம் காட்டலியே.”

முப்பத்து நாலு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் நான். ஆண்டிமடம், செயங்கொண்டம், உடையார்பாளையம் என்று முந்திரிக் காட்டிலும் கருவேல முள்ளிலும் கல் தேடி அலைந்தவன். எஃப்.எம்.பி. வரைபடத்தில் இருக்கும் கல் தரையில் இருக்காது. தரையில் இருக்கும் கல் வரைபடத்தில் இருக்காது. தலையாரி ஒரு பக்கம் கை காட்டுவார், நிலத்துக்காரர் எதிர்ப்பக்கம் காட்டுவார். இரண்டையும் கேட்டுவிட்டு நாமே நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்டவன் முன்னால் வந்து ‘அம்பு காட்டவில்லை’ என்றால் எப்படி இருக்கும்?

என் வாதம் இதுதான். நிலவறையில் சுகம் என்பது வழி தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. பேய், பிசாசு, பெட்டி, காசு எல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். வழியை ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டால் வாத்தியார் சொன்னதுதான் மிச்சம்: உள்ளே போனான், வெட்டினான், எடுத்தான், வந்தான். அந்த அளவில் வாத்தியார் சொன்னது சரி. அவர் பார்த்தது அம்பு போட்ட ஆட்டத்தை.

அலிபாபா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வண்ணத்தில் வந்த படத்தை நம்மில் பலர் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். அந்தக் கதையில் குகைக்குள் போவதா பெரிய விஷயம்? உள்ளே போன காசிம் பொன்னையும் மணியையும் மூட்டை கட்டிவிட்டு, கதவைத் திறக்கும் வார்த்தையை மறந்துவிட்டு நிற்கிறானே, அங்கேதான் நமக்குத் தொண்டை அடைத்தது. புதையல் அவன் காலடியில்தான் கிடக்கிறது. அதனால் அவனுக்கு என்ன பிரயோசனம்?

எனக்குப் பத்துப் பதினோரு வயதில் மாமா ஒருமுறை கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சைக்கிளில் கூட்டிப்போனார். பெரிய கோயிலை அவர் பக்தியோடு சுற்றினார். எனக்கு அந்தச் சிங்கக் கிணறுதான் கண்ணில் பட்டது. சுதையால் செய்த பெரிய சிங்கம், அதை ஒட்டிய வாசலில் நுழைந்தால் படி கீழே இறங்கும், கிணற்றுத் தண்ணீருக்கே போய்ச் சேரும். யாரும் சொல்லாமல் நானாகப் போய் நுழைந்தேன். நாலு படி இறங்கியதும் வெளிச்சம் போயிற்று. சுவரைத் தடவினால் ஈரம். திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு கால், இன்னும் ஒரு படி என்று மறு கால். கீழே தண்ணீரில் வானம் ஒரு துண்டு விழுந்திருந்ததைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மாமா கையைப் பிடித்து, ‘இதோ பார், இப்படி இறங்கு, பதினைந்தாவது படியில் தண்ணீர் தெரியும்’ என்று காட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு அது ஞாபகம் இருந்திருக்குமா?

மாமாவிடம் வாங்கிய அறையும் ஞாபகம் இருக்கிறது. அது வேறு கதை.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். ஒரு நாள் பேரன் மதியம் தூங்கும்போது நான் உட்கார்ந்தேன். பட்டியலில் அந்தப் பணியைத் தேர்வு நீக்கினால் அம்பு மறைந்துவிடும் என்று முந்தின நாளே கேட்டு வைத்திருந்தேன். ‘பிளீக் ஃபால்ஸ் பாரோ’ என்று ஒரு பழைய கல்லறை. இதை அமைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், நம்மோடு மலை இறங்கி வரும் ஆள் எதிர் மலையைக் கை நீட்டிக் காட்டி, சின்ன வயதில் அதை நினைத்தே பயந்துகொண்டிருந்ததாகச் சொல்கிறான். அப்புறம் கடைக்காரரின் தங்கை பாலம் வரைக்கும் நடந்து வந்து, ‘அதோ, அந்தப் பக்கம்’ என்று காட்டிவிட்டுத் திரும்பிப் போகிறாள். நம் ஊரில் வழி சொல்வது இப்படித்தானே? அம்பு எதற்கு?

உள்ளே போனால் மூன்று கல் தூண்கள், சுழற்றலாம். ஒவ்வொன்றிலும் பாம்பு, திமிங்கலம் என்று உருவங்கள். எதை எப்படி நிறுத்த வேண்டும் என்பது மேலே சுவரில் இருக்கிறது, ஆனால் மூன்றில் ஒன்று பெயர்ந்து தரையில் விழுந்து கிடக்கிறது. அதைக் கவனிக்காமல் இழுவையை இழுத்தால் அம்பு மழை. நான் மூன்று முறை செத்தேன். நாலாவது முறைதான் தரையில் கிடந்த கல்லைப் பார்த்தேன். அப்போது நான் போட்ட சத்தத்தில் பேரன் எழுந்துவிட்டான்.

அதற்கும் உள்ளே சிலந்தி வலையில் ஒரு திருடன் மாட்டிக்கொண்டிருக்கிறான். ‘அறுத்து விடு, பொன் நகத்தைத் தருகிறேன்’ என்று கெஞ்சுவான். அறுத்து விட்டதும் ஓட்டம் பிடிப்பான். இது நான் சர்வே முடித்துக் கொடுத்த சில கேஸ்களை ஞாபகப்படுத்தியது. அவன் வைத்திருந்த அந்தப் பொன் நகம்தான் கடைசிக் கதவுக்குச் சாவி. கதவில் மூன்று வளையம், எந்த உருவத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அரை மணி நேரம் முழித்தேன். சாவியைத் திருப்பிப் பார்த்தால் அதன் உள்ளங்கையில் கரடி, விட்டில், ஆந்தை செதுக்கியிருக்கிறது. விடையை நானே கையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்! வெளியே வரும்போது வந்த வழியாக வரவில்லை. மலையின் வேறு பக்கம் திறந்தது. கீழே தண்ணீரும் காடும் விரிந்து கிடந்தன. நுழைந்தபோது பார்த்த உலகம்தான், ஆனால் இப்போது எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வாத்தியார் ஐயா, இதில் காசு எடுத்தது எத்தனை என்று கேட்காதீர்கள். எண்ணவே இல்லை.

இப்போது விளையாட்டு செய்பவர்கள் பேரிலும் என் புகாரைச் சொல்லிவிடுகிறேன். இதே நிறுவனம் 2002-ல் ‘மோரோவிண்ட்’ என்று ஒன்று வெளியிட்டது. அதில் அம்பே கிடையாது. ஊர்க்காரன் ஒருவன், ‘ஆற்றை ஒட்டி வடக்கே போ, பாறை பிரியுமிடத்தில் திரும்பு’ என்ற தோரணையில் வழி சொல்வான். அதைக் குறிப்பேட்டில் படித்துப் படித்துக் குகையைத் தேட வேண்டும். தப்பாகப் போய் வேறொரு குகையைக் கண்டுபிடிக்கலாம். 2006-ல் வந்த ‘ஆப்லிவியன்’ திசைகாட்டியில் குறி வைத்தது. ஸ்கைரிம் அதையே தொடர்ந்தது. இதில் பெரிய அநியாயம் எது தெரியுமா? அம்பு இருக்கிற தைரியத்தில், வழி சொல்வதையே எழுத்தாளர்கள் விட்டுவிட்டார்கள். அம்பை அணைத்துவிட்டு, ‘இந்தக் குகை எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் பல இடங்களில் பதில் சொல்ல ஆளே இல்லை. கூகுள் மேப் வந்த பிறகு நம் பையன்களுக்கு, ‘புளியமரம் தாண்டி சோத்தாங்கைப் பக்கம்’ என்று சொல்ல வராமல் போனது போல.

பேரன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். “எல்லாருக்கும் உங்கள மாதிரி டைம் இருக்கா தாத்தா? ஸ்கூல், டியூஷன், இருக்கிற ஒரு மணி நேரத்துல தேடிக்கிட்டே இருந்தா எப்ப முடிக்கிறது?” இது நியாயமான கேள்வி, நான் யோசித்தேன். ஆனால் முடிப்பதற்கு அவசரம் என்ன? ஒரு மணி நேரத்தில் ஆறு குகையை ஓடி முடிப்பதைவிட ஒரு குகையில் அரைக்குகை போய், மீதியை நாளைக்கு வைத்துக்கொண்டு தூங்கப் போகலாமே. தொடர்கதையை வாராவாரம் படித்து வளர்ந்த ஜாதிக்கு இந்தச் சுகம் தெரியும். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வந்தது. அந்தக் காலத்து வாசகர்கள் வந்தியத்தேவனை ஆபத்தில் விட்டுவிட்டு ஒரு வாரம் வயல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

எண்ணிக்கைப் பெருமை இன்னொரு வியாதி. 1996-ல் ‘டேகர்ஃபால்’ என்ற ஆட்டத்தில் நிலவறைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனவாம். கம்ப்யூட்டரே துண்டுகளைக் கோத்துச் செய்தது. செங்கல் சூளையில் அச்சு மாதிரி. ஒன்றுக்குள் நுழைந்தால் யார் கட்டினார், எதற்குக் கட்டினார் என்று ஒரு காரணமும் தெரியாது, சுற்றிக்கொண்டே இருக்கலாம். காரணம் இல்லாத கட்டடத்தில் எனக்கு என்ன வேலை? சமையல் கூடம் எங்கே இருந்தது, காவல் எங்கே நின்றது, கடைசியில் இருந்தவன் எந்த மூலையில் செத்தான் என்று எலும்பையும் பானையையும் பார்த்து நாமே ஊகிக்க முடிய வேண்டும்.

2022-ல் வந்த ‘எல்டன் ரிங்’ பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேரனின் நண்பன் கோபித்துக்கொள்வான். அவன் வீட்டில் பார்த்தேன். அதிலும் சில கல்லறைகள் ஒன்றைப் போலவே ஒன்று, கடைசியில் வரும் அரக்கனும் பார்த்த அரக்கன்தான். ஆனால் ஒரு காட்டுக்குள் சின்னதாக ஒரு மண்டபம். உள்ளே ஒரு மின்தூக்கி மாதிரி மேடை. ஏறி நின்றால் இறங்குகிறது. இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது. அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே போய் நின்றால், பூமிக்கு அடியில் நட்சத்திரம் நிறைந்த வானம், அதன் கீழே ஓர் ஆறு. அங்கே போகச் சொல்லி யாரும் பணி கொடுக்கவில்லை, அம்பும் இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு நல்ல வளர்ப்பு.

அவனே இன்னொன்றும் காட்டினான். ஜப்பானின் நிண்டெண்டோ 2023-ல் வெளியிட்ட செல்டா ஆட்டம். அதில் மேலே உள்ள நாட்டுக்கு அடியில் அதே அளவில் இருட்டு நாடு ஒன்று. வெளிச்சம் தரும் விதைகளை எறிந்து எறிந்து நடக்க வேண்டும். மேலே மலை இருக்கும் இடத்தில் கீழே பள்ளம். இதை விளையாடுகிறவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கும்படி விட்டிருக்கிறார்கள். ஒரு சர்வேயராக அந்த வரைபடம் போட்டவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கையால் வரைவதைப் பற்றி. 1981-ல் ‘விசார்ட்ரி’ என்ற ஆட்டம் வந்தபோது ஆடியவர்கள் பக்கத்தில் கட்டம் போட்ட தாள் வைத்துக்கொண்டு ஆடினார்களாம். பத்துத் தளம், ஒவ்வொன்றும் இருபதுக்கு இருபது கட்டம். நடக்க நடக்கச் சுவரைக் கோடாகப் போட வேண்டும். இதைக் கேட்டதும் பீரோவிலிருந்து என் பழைய கிராஃப் தாள் கட்டை எடுத்துவிட்டேன். இப்போது ஸ்கைரிம் குகைகளை நான் வரைந்துகொண்டுதான் ஆடுகிறேன். அளவுகோல் இல்லை, காலடியை எண்ணிக் குறிக்கிறேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, “பென்சன் வாங்கியும் வேலை விடலையா?” என்றாள்.

லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது பேரனை ரஞ்சன்குடி கோட்டைக்குக் கூட்டிப்போனேன். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. 1751-ல் ஆங்கிலேயரும் முகமது அலியும் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிப்பும் மறு பக்கம் நின்று மோதிய இடம். பஸ்ஸில் போகும்போது எல்லாரும் பார்ப்பார்கள், இறங்குபவர்கள் குறைவு. அகழி, அடுக்கடுக்காக மதில், உள்ளே நிலத்துக்கு அடியில் அறைகள்.

மேலே ஏறும் வரை என் முழங்கால் தாங்கியது. ஓர் இடத்தில் தாழ்வான வாசல், உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம். பையன் எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“உள்ள என்ன இருக்கு தாத்தா?”

எனக்குத் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன். வலப்பக்கம் தலை இடிக்கும், குனிய வேண்டும், தரை ஓரிடத்தில் இறங்கும், எல்லாம் நாக்கு நுனியில் வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் எல்லை காட்டிய வாய். பயமும் ஒரு பக்கம், மகளுக்கு யார் பதில் சொல்வது? கையில் இருந்த குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “தெரியலடா, மெதுவாப் போய்ப் பாரு” என்றேன். பொய்தான். அடுத்த ஞாயிறு சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து நுழைந்தான். ஓட்டமாக ஓடவில்லை என்பதைக் கவனித்தேன். வெளிச்சம் கொஞ்ச நேரம் சுவரில் ஆடியது, பிறகு அதுவும் தெரியவில்லை. கூப்பிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வெயிலில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முந்நூறு தாண்டிவிட்டது.

வந்தான். தலைமுடியில் ஒட்டடை, நெற்றியில் சிராய்ப்பு. வலப்பக்கம்தான் இடித்திருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு, “தாத்தா, உள்ள இன்னொரு அறை இருக்கு. அதுல மேலருந்து வெளிச்சம் வருது. அது எதுக்குக் கட்டியிருப்பாங்க?” என்றான். எடுத்துக்கொண்டு வர அங்கே ஒன்றும் கிடையாது, அதைப் பற்றி அவன் பேசவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது என்னிடம் பேனா வாங்கி, டிக்கெட்டின் பின்பக்கம் கோடு போட்டுப் போட்டு எனக்கு விளக்கினான். வடக்கு எது என்று தப்பாகக் குறித்திருந்தான். திருத்தவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து அவன் திருச்சிக்குப் போய்விட்டான். லேப்டாப்பை எனக்கு விட்டுவிட்டுப் போனான். மூன்று நாளாக ‘ஆல்ஃப்டாண்ட்’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பனிக்கட்டிக்கு அடியில் குள்ளர்கள் கட்டிய பாழ் நகரம். எனக்கு முன்னால் ஒரு குழு மரப்பலகை அடித்து இறங்கியிருக்கிறது. அவர்களின் குறிப்பேடுகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. ஆட்கள்தான் ஒவ்வொருவராகப் பிணமாகக் கிடைக்கிறார்கள். கிராஃப் தாள் நாலு ஆகிவிட்டது, இன்னும் கீழே போகிறது. நேற்று இரவு பேரன் போன் செய்தான். ஆல்ஃப்டாண்ட் என்றதும் சிரித்தான்.

“தாத்தா, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சா நீங்க...”

“சொன்னியானா தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது” என்று போனை வைத்துவிட்டேன்.